காரில் முகாம் செல்லும்போது சுமை தொல்லை தருகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சொந்தக் காரில் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு மலைக்குச் சென்று, இரண்டு இரவு தங்கித் திரும்புகிறவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். நான்கு பேர், ஒரு சிறிய கார், கோயம்புத்தூரிலிருந்து வால்பாறைக்கோ கொடைக்கானலுக்கோ ஒரு பயணம் என்பதை அளவாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நானும் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பல ஆண்டுகளாக இப்படித்தான் போய்வருகிறோம். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றைச் சாலையோரத்தில் நின்றபடி அனுபவித்திருக்கிறோம். வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் கூடாரம் அடிப்பது குற்றம் என்பதால், இங்கே முகாம் என்று சொல்வதெல்லாம் எஸ்டேட்டுகளிலும் தனியார் நிலங்களிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் தருகிறார்களே, அவற்றையே குறிக்கும். அங்கே தண்ணீரும் கழிப்பறையும் இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கோளாறும் நம்மை ஏதாவது ஒன்றை வாங்கத் தூண்டும். இடம் போதவில்லை என்றால் கூரைக் கேரியர், குளிர்ந்தால் இன்னொரு கம்பளி, காஸ் தீர்ந்தால் இன்னொரு சிலிண்டர் என்று மனம் ஓடும். அநேகமாக எல்லா இடத்திலும் மருந்து அதற்கு நேர்மாறாக இருக்கிறது. எதையோ இறக்கினால்தான் கோளாறு தீருகிறது.

அறிகுறி: டிக்கி மூடவில்லை, பிள்ளைகளின் காலடியிலும் பைகள்

ஸ்விஃப்ட் போன்ற காரின் டிக்கி சுமார் 265 லிட்டர் கொள்ளும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களால் அளந்தால் அது பதின்மூன்று கேன்களின் கொள்ளளவு. நான்கு பேருக்கு இரண்டு இரவுக்குத் தாராளமாகப் போதும். சி.என்.ஜி. வண்டியில் தொட்டி டிக்கிக்குள் உட்கார்ந்திருந்தால் மீதி இடம் மிகவும் சிறியது; அப்படிப்பட்டவர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும்.

சோதனை எளிது. ஏற்ற நினைத்திருக்கும் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். அமுங்குவதை ஒரு பக்கமும் அமுங்காததை இன்னொரு பக்கமும் ஒதுக்குங்கள். சமையல் சாமான்தான் இடத்தை அடைக்கிறது என்று பலரும் நினைப்பார்கள். ஒதுக்கி முடித்தபின் பார்த்தால் மெத்தை, கம்பளி, தலையணை, துணி ஆகியவற்றின் குவியல்தான் உயர்ந்து நிற்கும். எடை குறைவாகவும் பருமன் அதிகமாகவும் இருப்பதால் இவை நம் கண்ணை ஏமாற்றிவிடுகின்றன. தூக்கிப் பார்த்தால் கனக்காத பொருளைச் சுமை என்று யாரும் எண்ணுவதில்லை.

முதலில் போக வேண்டியவை தலையணைகள். நான்கு தலையணைகள் சேர்ந்து ஏறத்தாழ ஒரு பெரிய சூட்கேஸின் இடத்தை எடுத்துக்கொள்ளும். உறைகளை மட்டும் எடுத்துச் சென்று, இரவில் ஸ்வெட்டரையும் மறுநாள் உடுத்தும் துணியையும் அவற்றுக்குள் மடித்துத் திணித்தால் கழுத்துக்கு வேண்டிய உயரம் கிடைத்துவிடும். அடுத்து டர்க்கி டவல். ஈரம் வாங்கினால் அது இரண்டு நாளானாலும் மலைக்காற்றில் காயாது, காயாத துணி மடிக்கவும் அமுங்காது. நம் ஊர் ஈரிழைத் துண்டு ஆளுக்கொன்று எடுத்தால் நான்கும் சேர்ந்து ஒரு டர்க்கி டவலின் இடத்துக்குள் அடங்கும். காலையில் துவைத்துக் கொடியில் போட்டால் வெயில் அடித்தால் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். தலை துவட்டவும், சூடான பாத்திரம் பிடிக்கவும், கழுத்தில் சுற்றவும் அதுவே உதவுகிறது.

துணியைப் பொறுத்தவரை எங்கள் வீட்டுக் கணக்கு மூன்று செட். உடுத்திச் செல்வது ஒன்று, மாற்று ஒன்று, இரவில் படுக்க மட்டும் ஒன்று. மூன்றாவதைப் பகலில் தொடவே கூடாது. அதற்கான காரணம் குளிர் பற்றிய பகுதியில் வருகிறது. ஜீன்ஸ் கனமானது, நனைந்தால் இன்னும் கனமானது, காய்வதற்கு நாள் பிடிப்பது. அதை ஆளுக்கு ஒன்றுக்கு மேல் எடுக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இனிப் பெட்டி. சக்கரம் வைத்த டிராலி சூட்கேஸ் விமானத்துக்கும் ரயிலுக்கும் செய்யப்பட்டது. அதன் சக்கரக் குழியும் கைப்பிடிக் குழாயும் டிக்கியில் வெறும் இடத்தை விழுங்கும். பாதி காலியானாலும் அதன் உருவம் சுருங்காது. அந்த இடத்தில் மென்மையான பையோ, ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பையோ இருந்தால் சக்கர வளைவின் மேலும் மூலையிலும் பொருந்தி உட்காரும். கட்டைப்பையை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடி அகலமானது, நிமிர்ந்து நிற்கும், காலியானால் தட்டையாக மடியும், கிழிந்தால் வருத்தமில்லை; முகாம் சாமான் விற்கும் கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பைகளில்கூட இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்திருப்பது அரிது.

காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பிளாஸ்டிக் உறைகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். போகும்போது அவை அற்புதமாகச் சுருங்கும். திரும்பும் நாளன்று எஸ்டேட்டில் காற்றை உறிஞ்ச என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. மேலும், சுருங்கிய உறை பலகைபோல விறைத்துவிடுவதால் மூலையில் வளைந்து கொடுக்காது. கம்பளியை முழங்காலால் அழுத்திச் சுருட்டிப் பழைய துப்பட்டாவால் இறுக்கிக் கட்டுவதே போதுமானது, அதை எங்கேயும் திரும்பச் செய்யலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் டிக்கி மூடவில்லை என்றால் மட்டுமே கூரைக் கேரியரை யோசியுங்கள். கூரையில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது வண்டியின் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அளவு பலர் நினைப்பதைவிடக் குறைவு, கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். காற்றுத் தடை கூடுவதால் பெட்ரோல் செலவும் ஏறும், உயரத்தில் எடை இருப்பதால் கொண்டை ஊசி வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும். கேரியர் வாங்கிய நண்பர்கள் எல்லோரும் அதை நிரப்பவும் கற்றுக்கொண்டார்கள் என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஒரு பொருளை எடுக்க எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருக்கிறது

இடம் போதுமானதாக இருந்தும் வரிசை தவறியதால் வரும் கோளாறு இது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு ஜூன் மாதம், ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் எங்கள் காரின் பின்சக்கரம் பஞ்சராயிற்று. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெப்னி டிக்கியின் தளப் பலகைக்குக் கீழே இருந்தது. பலகையின் மேலே எங்கள் இரண்டு நாள் வாழ்க்கை முழுவதும் இருந்தது. கூடாரம், குக்கர், அரிசிப் பை, நான்கு கம்பளிகள், பிள்ளைகளின் ஷூக்கள், பெயர் தெரியாத சிறு சிறு கவர்கள் என்று இருபதுக்கும் மேற்பட்ட உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாலையோரக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைத்தோம். நான் நட்டுகளைத் திருகிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு நிதானமாக அந்த வரிசையின் ஓரமாக நடந்து வந்து, கடையில் பொருள் பார்ப்பதுபோல இரண்டு கவர்களை முகர்ந்து ஒதுக்கிவிட்டு, முறுக்கு இருந்த மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. முறுக்கு போனதைவிடக் கம்பளிகள் நனைந்ததுதான் அன்றிரவு பெரிய இழப்பாக இருந்தது.

அந்த நாளிலிருந்து ஓர் அளவுகோல் வைத்திருக்கிறோம். டிக்கி முழுவதையும் ஐந்தே தூக்கலில் காலி செய்ய முடிய வேண்டும். ஐந்து பெரிய உருப்படிகள். அவற்றுக்கு வெளியே உதிரியாக ஒரு கவர்கூட இருக்கக் கூடாது. சமையல் முழுவதும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், படுக்கை முழுவதும் ஒரு பெரிய பையில், துணி முழுவதும் இரண்டு பைகளில், கூடாரமும் தார்ப்பாயும் முளைகளும் சுத்தியலும் ஒரே மூட்டையில். பெட்டிக்குள் எவ்வளவு குழப்பம் இருந்தாலும் பரவாயில்லை, பெட்டி என்ற எல்லை இருந்தால் போதும்.

ஏற்றும் வரிசையை, இறக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். முகாமுக்குச் சேர்ந்ததும் முதலில் வேண்டியது கூடாரம். ஆகவே அது கடைசியாக ஏற வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வேண்டிய படுக்கை முதலில் ஏற வேண்டும். மனித இயல்பு இதற்கு நேர் எதிராகச் செயல்படும்: முக்கியமானது என்று கருதுவதை முதலில் எடுத்து வைப்போம், அது எல்லாவற்றுக்கும் அடியில் போய்விடும். கன எடையுள்ள சமையல் பெட்டி மட்டும் இந்த விதிக்கு விலக்கு. அது எப்போது வேண்டியதாக இருந்தாலும் பின்சீட்டின் முதுகை ஒட்டித் தரையில்தான் உட்கார வேண்டும். ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

வழியில் வேண்டியவை எவையும் டிக்கிக்குள் போகக் கூடாது. மழைக்கோட்டு, டார்ச், வாந்தி வந்தால் பிடிக்க உறைகள், மருந்துப் பை, குடிதண்ணீர் ஆகியவை கதவுப் பைகளிலும் முன்சீட்டின் அடியிலும் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் கிட்டையும் 12 வோல்ட் பிளக்கில் இயங்கும் சிறு காற்றுப் பம்பையும் அங்கேயே வைத்திருந்தால், டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறிய நேரங்களில் பெரும்பாலும் டிக்கியைத் திறக்காமலே வேலை முடிந்துவிடும். சோதனைச்சாவடிகளையும் இந்தக் கணக்கில் சேருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு, மலைப்பாதைகளில் வண்டியைத் திறந்து பார்க்கிறார்கள். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்களை இடுக்குகளில் செருகியிருந்தால் அவற்றைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் உங்கள் அடுக்கு முழுவதும் குலைந்துவிடும். எவர்சில்வர் பாட்டில்களில் நிரப்பிக் கொள்வது சட்டத்துக்கும் அடுக்குக்கும் ஒருசேர நல்லது.

அறிகுறி: வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது, வேகத்தடையில் அடி உரசுகிறது

இரவில் எதிரே வருகிறவர்கள் உங்களைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் அதுவும் இதே கோளாறுதான். பின்பக்கம் தாழும்போது முன்விளக்கின் ஒளி மேலே எழும்பி அவர்கள் கண்ணில் அடிக்கிறது.

மொத்த எடை கூடிவிட்டதா, எடை தவறான இடத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கையேட்டில் உள்ள மொத்த எடை வரம்பிலிருந்து ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையைக் கழித்தால், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்பது கிடைக்கும். பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 230 கிலோ என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலான சிறு கார்களில் சாமானுக்கு 100 கிலோவுக்கு மேல் மிச்சமிருக்கும். அவ்வளவை நீங்கள் ஏற்றியிருக்க மாட்டீர்கள். ஐந்து பெரியவர்கள் அமர்ந்திருந்தால் கதை வேறு, அப்போது வரம்பு உண்மையிலேயே நெருங்கிவிடும்.

ஆக, நான்கு பேர் போகும் வண்டியில் கோளாறு பெரும்பாலும் இடத்தில்தான் இருக்கிறது. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை ஏற்றக்கோலின் நுனியில் தொங்குவதுபோல வேலை செய்யும். பின்பக்கத்தை அழுத்துவதோடு முன்சக்கரங்களை லேசாக்கவும் செய்யும். டிக்கிக் கதவை ஒட்டி வைத்த 20 லிட்டர் தண்ணீர்க் கேனை, பின்சீட்டின் முதுகோடு ஒட்டித் தரைக்கு மாற்றிப் பாருங்கள், வேறெதையும் தொடாமலே பின்பக்கத்தின் அழுத்தம் குறையும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை நாம் அறிவோம், ஏற்றும்போது மறந்துவிடுவோம். முகாமில் தண்ணீர் இருக்கும்போது 20 லிட்டரைச் சுமந்து மலையேறுவதே வீண். வழிக்கும் முதல் சமையலுக்கும் சேர்த்து 8 லிட்டர் எடுத்துக்கொண்டு, மீதியை அங்கே காய்ச்சிக் குடிக்கலாம். தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடமானால் மூன்று நிமிடம் கொதித்தால் கிருமிகள் அழிந்துவிடும்.

ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். புறப்படும் காலையில், டயர் சூடேறும் முன், பின்சக்கரங்களில் அந்த அளவுக்கு நிரப்புங்கள். ஸ்டீயரிங்கின் பக்கத்தில் 0, 1, 2 என்று எண் போட்ட சிறு உருளை இருந்தால் அது முன்விளக்கின் சரிவை மாற்றுவது. டிக்கி நிறைந்திருக்கும்போது அதை ஓரிரு எண் கூட்டி வைத்தால் எதிரே வருகிறவர்களின் சாபம் குறையும்.

அறிகுறி: வளைவுகளில் சாமான்கள் சரிகின்றன, சத்தம் வருகிறது

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. அது அநேகமாக அடுப்பின் மேலே உள்ள இரும்புத் தாங்கியாகவோ கரண்டிக் கட்டாகவோ இருக்கும். ஒரு துண்டைச் சுற்றி வைத்தால் நின்றுவிடும். சரிவதுதான் கவலைக்குரியது. டிக்கியில் இடையிடையே வெற்றிடம் இருந்தால் சாமான் ஓடுவதற்கு வழி கிடைக்கிறது, ஆகவே கன எடையுள்ளவற்றைத் தரையில் வைத்தபின் அவற்றின் இடுக்குகளில் படுக்கையையும் துணியையும் ஆப்புபோலத் திணிக்க வேண்டும். பின்சீட்டின் முதுகு உயரத்துக்கு மேலே எதையும் அடுக்கக் கூடாது. திடீரென்று பிரேக் அழுத்தினால் அந்த உயரத்துக்கு மேலிருக்கும் குக்கர் பிள்ளைகளின் பின்னந்தலையை நோக்கித்தான் வரும். பின் கண்ணாடியின் அருகே உள்ள தட்டில் பொருள் வைப்பதும் இதே காரணத்தால் தவறு.

அறிகுறி: வண்டி நிறையக் கம்பளி எடுத்துச் சென்றும் இரவு முழுவதும் குளிர்

கொடைக்கானலில் இந்தப் புகார் அதிகம் எழும். கோளாறு, போர்வையைக் கூட்டக் கூட்டத் தீராமல் அப்படியே இருக்கும், அடுத்த பயணத்தில் கம்பளிகளின் எண்ணிக்கை மட்டும் ஆறாகும்.

கையைப் படுக்கைக்கு அடியில் நுழைத்துத் தரையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் குளிர் கீழிருந்து வருகிறது. கம்பளியும் ரஜாயும் நம்மைச் சூடேற்றுவதில்லை, அவற்றின் இழைகளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்று நம் உடலின் சூடு வெளியேறாமல் தடுக்கிறது. நாம் மேலே படுத்ததும் அடியிலுள்ள பகுதி நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. அதன்பின் மூன்று கம்பளியை விரித்தாலும் அது தரையின் மேல் மூன்று தாள் விரித்ததற்கு ஒப்பானதே. இங்கே வேண்டியது நசுங்காத பொருள். பத்து மில்லிமீட்டர் தடிப்புள்ள மூடிய அறை நுரைப் பாய் (காற்று வெளியேறாத சிறு சிறு குமிழ்களால் ஆனது), ஆளுக்கொன்று, அரைக் கிலோவை ஒட்டிய எடைதான் இருக்கும். அதை விரித்தபின் மேலே ஓர் உறங்குபையோ ஒரு கம்பளியோ போதும். நாங்கள் நான்கு பாய் சேர்த்து ஐந்து கம்பளி இறக்கினோம். எடையும் குறைந்தது, குளிரும் குறைந்தது. பவானி ஜமக்காளம் அழகானதுதான், கல்யாண வீட்டில் அதற்கு ஈடில்லை, ஆனால் அதை மலைக்கு ஏற்றாதீர்கள்.

பாய் இருந்தும் குளிர்ந்தால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது ஈரம். பகல் முழுவதும் நடந்து வியர்த்த பருத்தி பனியன் தொட்டால் காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது உடலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மூன்றாவது செட்டைப் பகலில் தொடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். படுப்பதற்கு முன் உள்ளாடை, காலுறை உட்பட எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். குளிர்கிறது என்று கூடாரத்தின் காற்றுத் திறப்புகளை அடைத்துவிடுவதும் தவறு. நான்கு பேர் விடும் மூச்சின் நீராவி உள்கூரையில் படிந்து விடியற்காலையில் சொட்டும், போர்வை நனையும்.

அறிகுறி: காஸ் பாதியில் தீர்கிறது, சமையல் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் தண்ணீர் 93 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீயை ஏற்றினாலும் சூடு அதற்கு மேல் போகாது, ஆகவே அரிசியும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுவதும் காஸ் எரிந்துகொண்டிருக்கும். இதை அறியாமல் நாங்கள் ஒருமுறை துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வேகவைத்து, கடைசியில் பருப்பு நீரையும் முழுப் பருப்பையும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

கூடுதல் சிலிண்டருக்குப் பதிலாக 3 லிட்டர் குக்கர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வேறு இரண்டு பாத்திரங்களை அது வீட்டிலேயே நிறுத்திவைக்கும். பயணத்தின்போது அதன் வயிற்றுக்குள் அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள்தூள் பொட்டலங்களை வைத்து மூடிவிட்டால் அது தானே ஒரு பெட்டியாகிறது. அரிசியையும் பருப்பையும் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊறவைத்தால் காஸ் இன்னும் மிச்சமாகும். நிறைந்த 5 கிலோ காஸ் சிலிண்டர், உருளையின் எடையோடு சேர்த்து 10 கிலோவைத் தாண்டும், அதைப் படுக்கவைக்கவும் கூடாது. இரண்டு இரவுக்கு 220 கிராம் பியூட்டேன் குப்பி பொருத்தும் கையடக்க அடுப்பு போதும். எங்களுக்கு மூன்று குப்பிகள் செலவாகின்றன. குளிர்ந்த விடியற்காலையில் தீ சோர்ந்து எரிந்தால் குப்பி தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பியூட்டேன் பூஜ்யம் பாகையை ஒட்டிய குளிரில் ஆவியாவதையே நிறுத்திவிடும் இயல்புடையது. எரியும்போது குப்பி மேலும் குளிர்வதால் 5 பாகையிலேயே அது திணறத் தொடங்கும். இரவில் குப்பியைத் துணிப் பைக்குள் சுற்றி வைத்துக் காலையில் எடுத்தால் சரியாகும். அதை அடுப்பின் அருகே வைத்துச் சூடேற்றுவது உயிருக்கு ஆபத்து. வெயிலில் நிற்கும் பூட்டிய காருக்குள் குப்பிகளை விட்டுச் செல்வதும் அப்படித்தான்.

உணவைப் பொறுத்தவரை நம்மவர்கள் வெளியில் தேட வேண்டியதே இல்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நாள் கணக்கில் பயணம் போன ஊர் இது. முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை, இரவுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் வீட்டிலிருந்தே வந்துவிட்டால், முகாமில் சமைக்க வேண்டியது நான்கு வேளைதான். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, அவல், ஒரு சிறு பாட்டில் நல்லெண்ணெய் ஆகியவற்றின் மொத்த எடை இரண்டு கிலோவை எட்டாது. ஐஸ் பெட்டியை இறக்கிவிடலாம். அதில் குளிர்வதற்காக ஏறும் பாலுக்குப் பதில் பால்பவுடர் போதும், தயிரை எஸ்டேட் கடையில் வாங்கலாம், மலையில் இரவே குளிர்பதனப் பெட்டியாகத்தான் இருக்கிறது. காய்கறியை வீட்டிலேயே கழுவி நறுக்கி டப்பாவில் அடைத்துவிட்டால் தோலும் காம்பும் மலையேறாது. சாப்பாட்டுப் பொருள்கள் இரவில் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. வால்பாறைப் பக்கம் யானைகள் அரிசியின் வாசனைக்கே சுவரை இடித்து வருகின்றன. இரவில் சமையல் பெட்டியை எங்கே வைப்பது என்பதை முகாமில் உள்ளவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் ஒப்படைத்துவிடுவது நல்லது.

அறிகுறி: மேலே போய்ச் சேர்ந்ததும் துணிப் பை முழுவதும் எண்ணெயோ ஷாம்புவோ

மூடியை இறுக்கவில்லை என்று வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்ல வேண்டாம். கொடைக்கானலில் காற்றழுத்தம் கோயம்புத்தூரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பாதி நிரம்பிய பாட்டிலுக்குள் சமவெளியில் அடைபட்ட காற்று மேலே ஏற ஏற விரிந்து, திரவத்தைத் திருகின் வழியே வெளியே தள்ளுகிறது. சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதும் இதனால்தான். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பினால் விரிவதற்குக் காற்று இராது. மென்மையான பாட்டிலானால் சற்றுப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். எல்லாவற்றையும் நிமிர்த்தி எவர்சில்வர் தூக்கு ஒன்றுக்குள் அடுக்கிவிட்டால், மீறிக் கசிந்தாலும் தூக்கோடு நிற்கும், அந்தத் தூக்கு காலையில் டீ வாங்கவும் பயன்படும்.

அறிகுறி: போகும்போது அடங்கியது, திரும்பும்போது அடங்கவில்லை

உணவு தீர்ந்திருக்கிறது, தண்ணீர் குறைந்திருக்கிறது, ஆனாலும் டிக்கி மூட மறுக்கிறது. எண்ணிக்கை குறைந்தும் பருமன் கூடியிருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஈரமான துணி. அது சுருளாது, உலர்ந்தவற்றோடு சேரவும் கூடாது, ஆகவே தனியாக ஒரு பை கேட்கும். மூன்று செட்டோடு நின்றிருந்தால் இந்தப் பை சிறியதாகவே இருக்கும். இரண்டாவது, வாங்கியவை: வால்பாறைத் தேயிலை, கொடைக்கானல் மலைப்பூண்டு, அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் சாக்லேட். இவற்றைத் தடுக்க என்னால் இயலவில்லை, யாராலும் இயலுமென்றும் தோன்றவில்லை. புறப்படும்போதே ஒரு காலிக் கட்டைப்பையை மடித்து வைத்து, டிக்கியில் அதன் அளவுக்கு இடத்தை விட்டுவிடுவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. குப்பையையும் கீழே கொண்டுவர வேண்டியிருப்பதால் அதற்கும் ஒரு வாய் கட்டும் பை அந்தக் கணக்கில் சேரும்.

மூன்றாவதுதான் பெரிய காரணம்: கூடாரம். கடையிலிருந்து வந்த உறைக்குள் அது மறுபடி நுழைவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த வேதனை. காற்று உள்ளே அடைபட்டிருப்பதுதான் காரணம். வாசல் ஜிப்பைத் திறந்து வைத்து, வாசலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வாசலை நோக்கிச் சுருட்டினால் காற்று வெளியேற வழி இருக்கும். கூடாரக் கம்பிகளை நடுவில் வைத்து, உறையின் நீளத்துக்குச் சரியாக மடித்தபின் சுருட்ட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே மண்டியிட்டு, ஒருவர் சுருட்டும்போது மற்றவர் முழங்காலால் அழுத்திக்கொண்டே வந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. காலை ஏழு மணிக்குப் பனி படிந்த கூடாரத்தை அவசரமாகச் சுருட்டாமல், ஈரிழைத் துண்டால் வெளிக்கூரையைத் துடைத்து, வெயில் ஏறும்வரை கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதற்குள் டிபனை முடிக்கலாம். வெயிலே வராத நாளானால் அதை உறைக்குள் திணிக்க முயலவே வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்றில் தளர்வாக மடித்துப் போட்டு, டிக்கிக் கதவை ஒட்டிக் கடைசியாக ஏற்றுங்கள். போகும்போது அந்த வாளிக்குள் காய்கறி டப்பாக்கள் இருந்திருக்கும். ஈரத்தோடு இரண்டு நாள் கிடந்தால் கூடாரத் துணியில் பூஞ்சை பிடித்துவிடும், அந்த நாற்றம் பிறகு போகாது. எனவே, வீடு வந்து சேர்ந்த இரவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வாளியை மட்டும் மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்று கூடாரத்தைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு வந்து படுங்கள். மற்ற நான்கு உருப்படிகளும் காலைவரை காரிலேயே இருக்கலாம்.